கற்பனைப் பேரரசன் ஒருவனை உருவாக்குவது எப்படி: வாழ்க்கை முதலில், புராணம் பிறகு

கற்பனை உலகம் ஒன்றை வைத்துக் கதை எழுதுகிற நண்பர்கள் என்னிடம் படிக்கக் கொடுக்கும்போது, முதல் பக்கத்திலேயே ஒரு பேரரசன் வந்துவிடுவான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏழு நாடுகளை வென்றவன். கையில் ஒரு மாய வாள். சாகும்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். படித்து முடித்ததும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இதையெல்லாம் யார் சொன்னார்கள்? பெரும்பாலும் பதில் வராது. கதை ஆகாயத்திலிருந்து இறங்கியது போல இருக்கும். அதனால்தான் அந்த அரசன் மனதில் நிற்பதில்லை.

உண்மையான பேரரசர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்று அவர்கள் வாழ்ந்தது, மற்றொன்று பிறகு மற்றவர்கள் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. வாசகனுக்கு உள்ளே நுழைய வழி கிடைப்பது அந்த இடைவெளியில்தான். ஆகவே என் முறை எளியது. இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒன்றின் மேல் ‘கணக்கு’ என்றும் மற்றொன்றின் மேல் ‘கதை’ என்றும் எழுதுங்கள். கணக்கு நோட்டு நிரம்பும் வரை கதை நோட்டைத் திறக்க வேண்டாம்.

வெறும் விதியாகச் சொன்னால் புரியாது என்பதால், இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு அரசனைக் கூடவே உருவாக்கிக் காட்டுகிறேன். அவன் பெயர் உவரன். முழுக்க என் கற்பனை. நடுநடுவே வருகிற அசோகனும் இராசராசனும் பார்பரோசாவும் உண்மையானவர்கள்.

படி 1: அரசனுக்கு முன்னால் நிலம்

அரசனின் முகத்தை யோசிப்பதற்கு முன், அவன் நாட்டில் எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்று தீர்மானியுங்கள். பேரரசு என்பது அடிப்படையில் ஒரு வழித்தடம். அதன் இரு முனைகளிலும் யார் கை இருக்கிறதோ அவன்தான் பேரரசன்.

உவரனின் நாடு ஒரு உயர்ந்த மேட்டுநிலம். நடுவில் ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன உப்புப் படுகை. கடல் கிடையாது. மழை குறைவு, நெல் விளையாது. மேட்டிலிருந்து உப்பு கழுதை முதுகில் கீழே இறங்குகிறது, கீழ்நாட்டிலிருந்து தானியம் மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கணவாய். இவ்வளவுதான் அந்த உலகம். ஆனால் இதற்குள்ளேயே அவன் வாழ்க்கையில் நடக்கப்போகும் எல்லாமே அடங்கியிருக்கிறது.

உப்புக்கும் நெல்லுக்கும் பண்டமாற்று என்பது நமக்குப் புதிதல்ல. ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று தெருவில் கூவி விற்கும் உமணப் பெண்ணை, அதாவது உப்பு வணிகர் குலத்துப் பெண்ணை, அகநானூறு காட்டுகிறது. புறநானூற்றில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது, உப்பு வண்டியின் அடிமரத்தில் உமணர் கட்டி வைத்திருக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். மேடு பள்ளம் ஏறி இறங்குகிற வண்டி, காளைகளோ நுகம் பழகாத இளங்காளைகள், பாரமோ அதிகம். வழியில் என்ன ஆகுமோ என்று ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அரசன் அந்த மாற்று அச்சு! சிங்கம், சூரியன், மலை என்று எதையாவது சொல்லி முடித்திருக்கலாம். அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். உங்கள் உலகத்திலும் அரசனைப் புகழ்கிறவர்கள் அந்த மண்ணின் பொருளை எடுத்துத்தான் புகழ வேண்டும். உவரனை யாரும் சிங்கம் என்று சொல்லக் கூடாது, அந்த மேட்டில் சிங்கமே இல்லை.

அடுத்து தூரமும் தீனியும். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். தலைநகரிலிருந்து கீழ்நாட்டு எல்லை வரை 600 கிலோமீட்டர் என்று வைத்தேன். பாரம் சுமந்த கழுதை ஒரு நாளில் 20 முதல் 25 கிலோமீட்டர் நடக்கும் என்றால், ஒரு சாத்து, அதாவது வணிகக் கூட்டம், போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மாதம். குதிரை மாற்றி மாற்றி ஓடும் தூதன் நான்கு நாளில் போய்விடுவான். திரும்பி வர இன்னொரு நான்கு நாள். அப்படியானால் எல்லையில் எது நடந்தாலும், அரசனின் ஆணை வரும் வரை எட்டு நாளைக்கு அங்கிருக்கும் அதிகாரிதான் அரசன். பாரசீகப் பேரரசின் அரச சாலை சார்டிஸிலிருந்து சூசா வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். நடந்து போனால் 90 நாள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அவ்வளவு பெரிய பேரரசில் மன்னனின் கோபம்கூடத் தாமதமாகத்தான் போய்ச்சேரும்.

படைக்கும் இதே கணக்குதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்தால், 10,000 பேருக்கு நாளொன்றுக்கு 10 டன். 30 நாள் படையெடுப்புக்கு 300 டன். ஒரு கழுதை 65 கிலோ சுமக்கும் என்றால் 4,600 கழுதைகள் வேண்டும், அவை தின்பது தனி. இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் உவரன் ஏன் கீழ்நாட்டுக்குள் ஆழமாகப் போகவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தானியம் இல்லாத நாட்டு அரசன் தானியம் உள்ள நாட்டை நீண்ட நாள் முற்றுகையிட முடியாது. நான் அதைத் தீர்மானிக்கவில்லை, நிலம் தீர்மானித்தது.

படி 2: வயதுவாரியாக ஒரு வரட்டுக் கணக்கு

இப்போது கணக்கு நோட்டில் அவன் வாழ்க்கையை எழுதுங்கள். அழகு வேண்டாம், உணர்ச்சி வேண்டாம். வயது, நடந்தது, காரணம், அவ்வளவு போதும்.

உவரனுக்கு நான் எழுதியது இது. சாத்து வழிகாட்டி ஒருவரின் இரண்டாவது மகன். 11 வயதில் உப்பு வரி பாக்கிக்காக அப்பாவைச் சிறையில் வைக்கிறார்கள். 19 வயதில் சாத்துக் காவல் வேலை. 24 வயதில் கணவாய்க் கோட்டையைப் பிடிக்கிறான், தானியம் மேலே வராமல் மூன்று வாரம் நின்றுபோனதால். 27 வயதில் முடிசூட்டு. 33 வயதில் கீழாற்றங்கரையில் படுதோல்வி. 36 வயதில் உப்பு வரியை நீக்குகிறான். 41 வயதில் அக்கா சாகிறாள். 58 வயதில், ஆட்சிக்கு வந்த 31ஆம் ஆண்டில், எல்லைப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் காய்ச்சலில் இறக்கிறான்.

இதில் இரண்டு இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

முதலாவது, வரி நீக்கம். ஏன் நீக்கினான்? இரக்கத்தால் என்று எழுத என் கை பரபரத்தது. கணக்கு நோட்டு என்பதால் விடவில்லை. 33 வயதில் தோற்ற பிறகு அவன் படையில் பாதி போய்விட்டது. 35 வயதில் இரண்டு மாவட்டங்களில் வரி வாங்கப் போன ஆட்களை உப்பளத்துக்காரர்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். தண்டிக்க ஆள் இல்லை. வசூலிக்க முடியாத வரியை அவனே நீக்கிவிட்டான். உண்மை இவ்வளவுதான். ஆனால் அதே மனிதன் 11 வயதில் அப்பாவைச் சிறைவாசலில் பார்த்தவன் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, எது காரணம் என்று தீர்ப்பு சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இரண்டாவது, அக்கா. பேரரசனைச் சுற்றி வீட்டு மனிதர்கள் இல்லையென்றால் அவன் சிலைதான். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று ஆணையிடுகிறான். அக்கன் என்றால் குந்தவை. முதலில் தன் பெயர், உடனே அக்கா, பிறகுதான் மனைவியர். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த வரிசையைப் படிக்கும்போது ஒரு தம்பியின் குரல் கேட்கிறது எனக்கு. அதனால்தான் உவரனுக்கும் ஒரு அக்கா வைத்தேன். அவள்தான் தானியக் கணக்கு பார்த்தவள். அவள் போன பிறகு எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை என்பது அவனுக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

படி 3: ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

பிறந்த பெயர், அரியணைப் பெயர், மக்கள் வைத்த பெயர். மூன்றும் மூன்று தரப்பின் வாயிலிருந்து வர வேண்டும்.

முதல் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’. இராசேந்திரன் ‘கங்கைகொண்டான்’, ‘கடாரம் கொண்டான்’. ஒரு பட்டப்பெயரைப் பார்த்தாலே அதை வைத்தவர்கள் எதை மதித்தார்கள் என்று தெரிந்துவிடும். வணிகர்கள் நிறைந்த நாட்டில் சுங்கத்தைத் தவிர்த்தது கங்கையைக் கொண்டதற்குச் சமமான புகழ். உவரனின் அரியணைப் பெயர் மூவாற்றுக் கோமான். மேட்டிலிருந்து இறங்கும் மூன்று ஆறுகளை வைத்து அரண்மனை கொடுத்தது. உப்பளத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே அவன் ‘உப்புத் தவிர்த்தான்’.

பெயருக்கு விளக்கக் கதை பிறகு முளைக்கும், அதற்கும் இடம் விடுங்கள். கரிகாலன் என்றால் சிறுவயதில் தீயில் கால் கருகியவன் என்று ஒரு விளக்கம். கரிகளுக்கு, அதாவது யானைகளுக்கு, காலன் என்று இன்னொரு விளக்கம். ஒரே பெயர்தான். ஒரு கதை அவனைப் பிழைத்து வந்த குழந்தையாக்குகிறது, மற்றொன்று அவனைக் கண்டு யானைகள் நடுங்க வைக்கிறது.

பெயர் தொலைந்தும் போகலாம். அசோகனின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை அவனை ‘தேவானாம்பிய பியதசி’ என்றே சொல்கின்றன. 1837இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துவிட்டார், ஆனால் இந்த பியதசி யார் என்று கல்லை வைத்து மட்டும் சொல்ல முடியவில்லை. இலங்கைப் பாலி நூல்களின் துணையோடுதான் அவன் அசோகன் என்று தெரிந்தது. அசோகன் என்ற பெயரையே தாங்கிய மாஸ்கி கல்வெட்டு 1915இல்தான் கிடைத்தது. உங்கள் கதையில் இரண்டு அரசர்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, இருவரும் ஒருவரே என்று ஒரு உடைந்த கல் காட்டிக்கொடுத்தால் எப்படி இருக்கும்?

படி 4: அரசாங்கத்தின் குரலில் எழுதுங்கள், மூன்று முறை

இப்போது கதை நோட்டைத் திறக்கலாம். முதலில் வருவது அரசாங்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. இதற்கு, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும் இராசராசனின் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். தொடக்கம் மாறாது. ஆட்சி ஆண்டு ஏற ஏற, வென்ற நாடுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கல்வெட்டில் ஆண்டு சிதைந்திருந்தால்கூட, பட்டியல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக் காலத்தை மதிப்பிட முடியும். ஆகவே உங்கள் அரசனுக்கும் மூன்று காலத்து மெய்க்கீர்த்தி எழுதுங்கள். ஆட்சியின் 5ஆம் ஆண்டு, 15ஆம் ஆண்டு, 30ஆம் ஆண்டு. எது சேர்கிறது என்பதோடு, எது சத்தமில்லாமல் காணாமல் போகிறது என்பதையும் கவனியுங்கள். உவரனின் 5ஆம் ஆண்டு மெய்க்கீர்த்தியில் கணவாயைத் திறந்துவிட்ட கூட்டாளி ஒருவனின் பெயர் உண்டு. 15ஆம் ஆண்டில் அது இல்லை. என்ன ஆனான் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

பொருள் பிடிபடாத ஒரு சொல்லையும் வேண்டுமென்றே விடுங்கள். இராசராசனின் அதே மெய்க்கீர்த்தியில் வரும் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்றால் கப்பல்களை அழித்தானா, அங்கே உணவு வழங்கும் முறையைத் திருத்தினானா, வேறு ஏதாவதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அரசனுக்கும் அவன் காலத்து மக்களுக்கும் தெளிவாக இருந்த ஒரு செயல் நமக்குப் புரியாமல் நிற்கிறது. உண்மையான பழமை இப்படித்தான் தோன்றும்.

படி 5: சொல்கிறவனுக்கு என்ன தேவை?

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவிடுங்கள். ஒவ்வொரு புராணக் கதைக்கும் மேலே ஒரு வரி எழுத வேண்டும்: இதைச் சொல்பவர் யார், இந்தக் கதையால் அவருக்கு என்ன கிடைக்கிறது.

நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதை ஒன்று. ஆராய்ச்சி மணி, கன்றின் மேல் ஏறிய தேர், மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் நின்று, தான் எந்த ஊர்க்காரி என்று சொல்லும்போது இந்தச் சோழனைக் குறிப்பிடுகிறாள். அவளுக்கு அந்தக் கணத்தில் வேண்டியது ஒரு அளவுகோல். எங்கள் ஊர் அரசன் ஒரு பசுவுக்கே நீதி கொடுத்தான், நீ என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைத் திருவாரூரில் வைக்கிறார். அங்கே கதை மகனின் சாவோடு முடிவதில்லை. வீதிவிடங்கப் பெருமான் தோன்ற, கன்றும் எழுகிறது, மகனும் எழுகிறான். அவருக்கு இறைவனின் அருள் வெளிப்பட வேண்டும்.

இதே கதை இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்திலும் இருக்கிறது. அங்கே அரசன், சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளன். மணி உண்டு, பசு உண்டு, மகன் உண்டு. மகன் எழுந்து வருவது மட்டும் இல்லை. எழுதியவர் ஒரு பௌத்தத் துறவி. அவருடைய நாயகன் எல்லாளனைத் தோற்கடித்துக் கொன்ற துட்டகைமுனு. எதிரியை ஏன் இவ்வளவு நல்லவனாகக் காட்டினார்? என் வாசிப்பு இது: நீதி தவறாத ஒருவனை வென்றால்தான் வென்றவனுக்கு மதிப்பு. கொன்ற பிறகு எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி, அதைக் கடந்து போகிறவர்கள் வாத்திய ஓசையை நிறுத்த வேண்டும் என்று துட்டகைமுனு ஆணையிட்டதாகவும் அதே நூல் சொல்கிறது. ஒரே எலும்புக்கூடு. கண்ணகிக்கு ஒரு சதை, சேக்கிழாருக்கு ஒரு சதை, மகாவம்சத்துக்கு ஒரு சதை.

சரி, உவரனுக்கு வருவோம். வரி நீக்கிய நிகழ்ச்சியை மூன்று பேர் சொல்லட்டும்.

அரண்மனைப் புலவர்: கோமானின் கருவூலம் நிரம்பி வழிந்தது, வைக்க இடமில்லை, ஆகவே வரியே வேண்டாம் என்றார். (அரண்மனைக்கு வேண்டியது பணம் இருக்கிறது என்ற நம்பிக்கை.)

சாத்துக்காரர்கள்: அவன் எங்களில் ஒருவன். கழுதைப் பாதையில் நடந்தவன். முடிசூடிய அன்றே தவிர்த்துவிட்டான். (ஒன்பது ஆண்டைக் கதை விழுங்கிவிட்டது. அந்த ஒன்பது ஆண்டும் அவன் வரி வாங்கினான் என்பதை நினைக்க அவர்களுக்கு விருப்பமில்லை.)

உப்பளத்துப் பெண்கள்: ஒரு நடுப்பகலில் அவன் அளத்துக்கு வந்தான். வெள்ளைப் பாத்தியில் கால் வெடித்து ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். குனிந்து அவள் கன்னத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். ‘இந்த உப்புக்கும் நான் வரி வாங்கியிருக்கிறேன்’ என்றான். அன்று மாலையே வரி போயிற்று.

இது நடக்கவில்லை. கணக்கு நோட்டில் அப்படி ஒரு பகல் கிடையாது. ஆனால் உண்மையில் வரியை நீக்க வைத்தவர்கள் அந்த உப்பளத்துக்காரர்கள்தான். வசூலிக்க வந்தவர்களைக் கொன்ற கைகள் அவர்களுடையவை. அதை வெளியே சொல்ல முடியாது, சொன்னால் பிள்ளைகளின் தலை போகும். ஆகவே கொலையின் இடத்தில் ஒரு கண்ணீரை வைத்தார்கள். இதை எழுதி முடித்த பிறகுதான் உவரன் எனக்கு உயிரோடு வந்தான், அவர்களும் வந்தார்கள்.

படி 6: தோல்வியை மறக்க விடாதீர்கள்

தோல்விதான் புராணத்துக்கு நல்ல உரம். 778இல் பிராங்கு அரசன் சார்லமேனின் பின்படை பிரனீசு மலையில், ரோன்சவால் கணவாயில், பாஸ்க் மக்களிடம் சிக்கி அழிந்தது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு கழித்து அது ஒரு பெரும் வீரகாவியமாகிறது, எதிரிகளும் மாறிவிடுகிறார்கள். மலைவாசிகளின் பதுங்குத் தாக்குதல், மதங்களுக்கு இடையிலான மாபெரும் போராகிறது. எதிரி சிறியவனாக இருந்தால் தோல்வி அவமானம்; பெரியவனாக இருந்தால் தியாகம்.

மாறாக, தோல்வியோ குற்றமோ நடந்த இடத்தில் மௌனம் இருக்கும். கலிங்கத்தில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள் என்று அசோகன் தன் 13ஆம் பாறைக் கட்டளையில் வருந்துகிறான். ஆனால் கலிங்கத்திலேயே இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தக் கட்டளையை வெட்டவில்லை. அதற்குப் பதிலாக வேறு கட்டளைகள். அடிபட்டவர்களுக்கு மட்டும் அந்த மன்னிப்பைப் படிக்கக் கொடுக்கவில்லை. உங்கள் அரசன் எதைச் சொன்னான் என்பதோடு, எந்த ஊரில் சொல்லவில்லை என்பதையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

படி 7: பகைவனின் ஏடு

நீங்கள் உருவாக்கிய அரசனை வெறுக்கிற ஒருவரின் குரலில் குறைந்தது இரண்டு பக்கம் எழுதுங்கள். அது வெளிநாட்டு எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் கட்டிய கட்டிடங்களை வானளாவப் புகழ்ந்து எழுதியவர் புரோகோபியஸ். அதே புரோகோபியஸ் இரகசியமாக எழுதி வைத்த இன்னொரு நூலில் ஜஸ்டினியன் மனித உருவில் வந்த பேய். இரவில் அரண்மனையில் தலையில்லாமல் உலவுகிறான். அது 1623இல்தான் அச்சேறியது. ஒரே கை, ஒரே அரசன். உவரனைப் பற்றிக் கருவூலம் நிரம்பி வழிந்ததாகப் பாடிய அரண்மனைப் புலவரே, வீட்டுப் பரணில் வேறொரு ஏட்டை மறைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அதில் காணாமல் போன கூட்டாளியின் பெயர் இருக்கிறது.

படி 8: பிறப்பைக் கடைசியில் எழுதுங்கள்

பிறந்தபோது யாரும் குறிப்பெடுப்பதில்லை. பெரியவனான பிறகுதான் பிறப்பு எழுதப்படுகிறது. அக்காடியப் பேரரசன் சார்கோனைத் தாய் நாணல் கூடையில் வைத்து ஆற்றில் விட்டாள், தண்ணீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான் என்ற கதை புகழ்பெற்றது. சார்கோன் வாழ்ந்தது ஏறத்தாழ கி.மு. 2300 வாக்கில். நமக்குக் கிடைத்திருக்கும் அந்தக் கதையின் களிமண் பலகைகளோ கி.மு. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. இடையில், கி.மு. 722இல், அதே பெயரைச் சூடிக்கொண்டு ஒரு அசீரிய மன்னன் வந்திருக்கிறான். பழைய சார்கோனின் பெருமையால் புதிய சார்கோனுக்கு ஆதாயம் உண்டு.

உவரனின் பிறப்புக் கதையை அவன் பேரன் காலத்தில்தான் வைத்தேன். பேரன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறான். ஆகவே தாத்தா சாத்துக்காரனின் மகன் அல்ல, பழைய அரச வம்சத்தின் மறைக்கப்பட்ட குழந்தை என்று ஒரு கதை அரண்மனையிலிருந்து வெளியே வருகிறது. உப்பளத்தில் யாரும் அதை நம்பவில்லை.

படி 9: சாவு

கி.மு. 210இல் சீனத்தின் முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங் சுற்றுப்பயணத்தில் இறந்தான். வாரிசுச் சண்டைக்குப் பயந்து அமைச்சர்கள் சாவை மறைத்தார்கள். மூடிய வண்டிக்குள் உடல். கோடைக்காலம். நாற்றம் வெளியே தெரியாமலிருக்க, கருவாட்டு வண்டிகளைக் கூடவே ஓட்டினார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு என் மேட்டுநிலத்தைப் பார்த்தேன். உவரன் இறந்தது கணவாய்க்கு அந்தப் பக்கம். தலைநகருக்கு 25 நாள் வழி. மகன்கள் இருவர், வாரிசு யார் என்று அறிவிக்கவில்லை. கூட வந்த சாத்தில் இருப்பதெல்லாம் உப்பு. பிறகென்ன, உடலை உப்பு மூட்டைகளுக்கு நடுவே கிடத்தி, மேலேயும் உப்பைக் கொட்டிக் கொண்டுவந்தார்கள். அரண்மனைக்குள் போய், மூத்தவன் இடம் உறுதியான பிறகு, 40 நாள் கழித்துத்தான் சாவை அறிவித்தார்கள். மக்கள் பார்வைக்கு வைத்தபோது உடல் கெடவே இல்லை. 40 நாளுக்கு முன் செத்தவன் என்று அங்கிருந்த நான்கைந்து பேருக்குத்தான் தெரியும். ஆனால் எப்படியோ கசிந்தது. ‘நாற்பது நாள் ஆகியும் உடல் வாடவில்லை, அவன் தூங்குகிறான்.’

தூங்கும் அரசனின் கதை உலகில் பல இடங்களில் உண்டு. ஜெர்மனியில் கைஃபோய்சர் மலைக்குள் பேரரசன் பிரெடரிக் பார்பரோசா மேசையருகே உட்கார்ந்து தூங்குகிறான், தாடி மேசையைத் துளைத்து வளர்ந்துகொண்டிருக்கிறது என்பார்கள். உண்மையில் அவன் 1190இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில், இன்றைய துருக்கியில் ஒரு ஆற்றில் மூழ்கி இறந்தான். அந்தக் கதையும் முதலில் அவனுடையது அல்ல, 1250இல் இறந்த அவன் பேரன் இரண்டாம் பிரெடரிக்குடையது. பேரன் சாகவில்லை என்று மக்கள் நம்பியதால், நான்தான் அவன் என்று ஒருவன் கிளம்பி வந்தான், அவனை 1285இல் எரித்துக் கொன்றார்கள். உங்கள் அரசன் திரும்பி வருவான் என்று கதையில் எழுதினால், வந்துவிட்டேன் என்று சொல்லும் ஒருவனையும் எழுதுங்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் அந்தப் பேரரசின் குணம் தெரியும்.

படி 10: ஒரு சிறிய கல்

கடைசியாக, அரசனைப் பற்றிப் பேசவே நினைக்காத ஒரு ஆவணம் தயாரியுங்கள். சோழர் கல்வெட்டுகளில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது விளக்குத் தானம். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு, நெய் தர, 96 ஆடு. ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதியிருக்கும். சாகாதவை, மூப்படையாதவை. ஆடு செத்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது என்று பொருள். கொடுத்தவர் ஒரு சிற்றூர்க்காரராகவோ ஒரு பெண்ணாகவோ இருப்பார். மேலே அரசனின் பெயரும் ஆட்சி ஆண்டும் தேதிக்காக மட்டும் நிற்கும். அந்தத் தேதிகளை வைத்துத்தான் வரலாற்றாசிரியர்கள் அரசர்களின் ஆண்டுகளைக் கட்டுகிறார்கள்.

உவரனுக்கும் அப்படி ஒரு கல் செய்தேன். கணவாய்க்கு மேலே, சாத்து தங்கும் சத்திரத்துச் சுவரில் இருக்கிறது. உவர்நாட்டில் புத்தாண்டு முதல் மழையோடு பிறக்கும், ஆட்சி ஆண்டும் அன்றுதான் மாறும். அவன் இறந்தது அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு. கல்லில் இருப்பது இவ்வளவுதான்:

‘மூவாற்றுக் கோமானுக்கு யாண்டு முப்பத்திரண்டு, முதல் மழைக்கு மூன்றாம் நாள். அளத்தூர்க் கழுதைக்காரி வைத்த விளக்கு ஒன்று. இதற்கு எண்ணெய்க்கு உப்பு ஆண்டுக்கு இரண்டு மூட்டை. வழியில் பெரிய பாரம் ஏற்றி வந்தேன். என் கழுதைகள் ஒன்றும் சாகவில்லை. இவ்விளக்கு அணையாமல் எரிக.’